திண்ணையில் பின்னிய போஞ்சோ

ஆந்திராவின் நரசாபுரத்தோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் வசிஷ்ட கோதாவரி. சுற்றிலும் நெல்வயல், தென்னந்தோப்பு. மதியச் சமையல் முடிந்ததும் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். வலது கையில் குரோஷா ஊசி, இடது சுட்டுவிரலில் சுற்றிய வெள்ளை நூல். பேச்சு ஓடும், பேரப்பிள்ளை மடியில் ஏறும், ஊசி மட்டும் நிற்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிகள் இங்கே பரப்பிய குரோஷா லேஸ் வேலை இது. 2024இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் 1982இலேயே இந்தப் பெண்களைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார் ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ். உலகச் சந்தைக்குச் சரக்கு செய்பவர்களை ஊர் ‘வீட்டில் சும்மா இருப்பவர்கள்’ என்றே கணக்கு வைத்திருந்ததை அவர் எழுதினார். ஒருத்தி பூ போடுவாள், இன்னொருத்தி பூக்களை இணைப்பாள்; நூலைக் கொடுப்பதும் கூலியைக் கொடுப்பதும் ஏஜென்ட்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு எது எளிது என்று ஒரு பெரியம்மாவிடம் கேட்டேன். மடியிலிருந்த போஞ்சோவை விரித்துக் காட்டினார். ஆண்டிஸ் மலைக்காரர்களின் மேலாடை. கை வைக்க வேண்டாம், இடுப்பளவு வேண்டாம். 18 அங்குல அகலம், 30 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு போதும். முதல் துண்டின் அகல ஓரத்தை இரண்டாவதின் நீள ஓரத்தில், கீழ்முனையை ஒட்டித் தைத்தால் எல் எழுத்துப்போல் நிற்கும். பிறகு மடக்கி, இரண்டாவதின் மேல் ஓரத்தை முதல் துண்டின் நீள ஓரத்தில், எதிர்க்கோடியை ஒட்டித் தைக்கவேண்டும். தைக்காமல் மிஞ்சுகிற 12 அங்குலமும் 12 அங்குலமும் சேர்ந்ததுதான் கழுத்து. தலை தாராளமாக நுழையும்.

“சன்ன நூல் இப்போது வேண்டாம் அம்மா, கண் தெரியாது” என்றார். தடித்த கம்பளி நூலும் 5 மில்லிமீட்டர் ஊசியும் போதுமாம். முதலில் சங்கிலி, அதன்மேல் டபுள் குரோஷா வரிசைகள். திரும்பும்போது போடுகிற மூன்று சங்கிலி அடுத்த வரிசையின் முதல் தையலாகக் கணக்கு. வரிசைக் கடைசித் தையலை விட்டுவிட்டால் துணி இரு பக்கமும் ஒடுங்கிக்கொண்டே போகும். அதனால் வரிசைக்கு வரிசை எண்ணச் சொன்னார். இத்தனை வருடப் பழக்கத்துக்குப் பிறகும் அவர் உதடு எண்ணிக்கொண்டுதான் இருந்தது.

திருப்பூர் எந்திரங்கள் நிமிடத்தில் பனியன் துணியை இறக்குவதைப் பார்த்தவர்கள் இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. அந்தப் பின்னலில் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரே நேரத்தில் வளையங்களைத் தாங்கி நிற்கும். குரோஷாவில் இருப்பது ஒரே கொக்கி. கையிலுள்ள தையலை முடித்த பிறகே அடுத்ததற்குப் போகலாம். இதை அப்படியே செய்யும் எந்திரம் தொழிற்சாலைகளில் கிடையாது. எந்திரம் தருவது குரோஷா போலத் தோன்றும் துணி மட்டுமே. அசல் குரோஷா எங்கே விற்றாலும், என்ன விலைக்கு விற்றாலும், அதன் ஒவ்வொரு தையலையும் யாரோ ஒருவர் கையால்தான் போட்டிருக்கிறார்.

அப்படியானால், மலிவு விலைச் சீட்டோடு தொங்கும் குரோஷா சட்டையில் குறைக்கப்பட்டது எது? எந்திரச் செலவே இல்லாத பொருளில் கூலியைத்தான் குறைத்திருக்க முடியும். இது எனக்கு அநியாயமாகவே படுகிறது. புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். கூலியை அது தானாக உயர்த்தாது.

ஒரு போஞ்சோ நீங்களே பின்னிப் பாருங்கள். முதல் துண்டை முடிக்க எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துவையுங்கள். அடுத்த முறை கைவினைக் கண்காட்சியில் லேஸ் விரிப்பை எடுத்துப் பார்க்கும்போது பேரம் பேசாதீர்கள். பின்னியவருக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள்.