யார் கையிலிருந்து வந்த புத்தகம்

மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று சொன்னால், கோவில்பட்டியில் முதலில் வரும் கேள்வி பத்தாம் வகுப்பைப் பற்றித்தான். அதற்குப் பதில் சுலபம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிந்துகொள்ளலாம். தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். யாரும் கேட்காத, எங்களை உண்மையிலேயே யோசிக்க வைக்கிற கேள்வி வேறு. பிள்ளை புத்தகத்தை ஆசையோடு எடுப்பாளா? அம்மாவே டீச்சர் என்றாகிவிட்ட வீட்டில் கதைப் புத்தகமும் பாடப் புத்தகத்தோடு ஒட்டிக்கொள்ளும். கதை முடிந்ததும், “இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், அது பாடமாகிவிடும்.

இந்தக் கேள்விக்கான பதிலை எங்கேயோ தேடிப் போக வேண்டியதில்லை. கயத்தாறு போகிற வழியில் இடைசெவல் இருக்கிறது. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் 1923 செப்டம்பரில் ஒரு வார இடைவெளியில் அந்த ஒரே ஊரில் பிறந்தவர்கள். கி.ரா.வின் பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. காசநோயோடும் போராடியவர். பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. நடுவில் நடந்தது என்ன என்பதுதான் எனக்கு முக்கியம். அவருக்கு யாரும் பாடத்திட்டம் போட்டுத் தரவில்லை. அதே ஊரில் புத்தகப் பித்துப் பிடித்த கூட்டாளியாக அழகிரிசாமி இருந்தார். வீட்டில் பேசுவது தெலுங்கு. இருவரும் சேர்ந்து கிறங்கியது கம்பனின் தமிழில். அழகிரிசாமி சென்னைக்குப் பத்திரிகை வேலைக்குப் போன பிறகும் அந்தக் கூட்டு கடிதங்களில் தொடர்ந்தது. அந்தக் கடிதங்கள் பிறகு புத்தகமாகவும் வந்தன. கி.ரா. கதை எழுத உட்கார்ந்தது முப்பத்தைந்து வயதை ஒட்டித்தான். அதுவரை வாசித்ததெல்லாம் எதற்காகவும் இல்லை, வாசிப்பதற்காகவே. பிள்ளை வாசித்தால் என்ன பலன் என்று அவசரப்படுகிற பெற்றோருக்கு இந்த ஒரு தகவலை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இருவரும் ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்திலும் இருந்தவர்கள். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, பொழிப்புரைக்கு ஓடாமல், வாய்விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்பவரையும் தன்னோடு சேர்த்து அனுபவிக்க வைப்பது டி.கே.சி.யின் வழி. எங்கள் வீட்டு வாசிப்புக்கு நான் பின்பற்றுவது அதைத்தான். நானும் கேட்கிறவள், மகளும் கேட்கிறவள். இருவருக்கும் பிடித்த இடம் வந்தால் இன்னொரு தடவை வாசிப்போம், அவ்வளவுதான்.

அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையை நான் பெரியவளான பிறகுதான் சரியாகப் புரிந்துகொண்டேன் என்று நினைக்கிறேன். அந்தப் பெயரைத் தாங்கிய தொகுப்புக்குத்தான் அவர் மறைந்த 1970ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பத்திரிகையில் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுக்குத் தெருப் பிள்ளைகள் புத்தகம் கேட்டுப் படையெடுத்து வருவார்கள். அவர்களில் சாரங்கன் என்கிற பையன் ஏங்குவது வெறும் புத்தகத்துக்கும் டைரிக்கும் அல்ல. தன் பெயரை எழுதி, பிரியத்தோடு தனக்கென்று அவர் கொடுக்க வேண்டும் என்பதற்காக. பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றித் தமிழில் இதைவிட ஆழமாக யாரும் சொல்லிவிடவில்லை என்பது என் கட்சி. பிள்ளை முதலில் பார்ப்பது நீட்டுகிற கையை. அப்புறம்தான் புத்தகத்தை.

எங்கள் வீட்டில் அந்தக் கை பெரும்பாலும் என்னுடையது அல்ல, என் மாமியாருடையது. தமிழ் எழுத்துக் கூட்டித்தான் அவர்களுக்கு வரும். கண்ணாடி போட்டாலும் சீக்கிரம் அலுத்துவிடும். உளுந்தில் கல் பொறுக்க உட்காரும்போது பேத்தியைக் கூப்பிடுவார்கள். “ஏ தாயி, அந்தக் குருவி முட்டைக் கதைய வாசி, ஆச்சி கேக்கேன்.” அது கி.ரா.வின் ‘பிஞ்சுகள்’. பறவைகளும் முட்டைகளுமாகக் கரிசல் காட்டில் திரிகிற வெங்கடேசுவின் கதை. நடுவில் ஒரு பறவையின் பெயர் வந்தால் சுளகு நின்றுவிடும். அது எந்த இடத்தில் கூடு கட்டும், எப்படிக் கத்தும், எந்த மாசத்தில் வரும் என்று ஆச்சி சொல்ல ஆரம்பித்தால் புத்தகம் மடியில் கவிழ்ந்து கிடக்கும். ஒருநாள் கவுதாரிச் சத்தத்தை ஆச்சி தொண்டையில் எழுப்பிக் காட்டினார்கள். மகள் திரும்பவும் அதே பத்தியை முதலிலிருந்து வாசித்தாள். இந்தத் தடவை அவள் குரலே வேறு மாதிரி இருந்தது.

வாசிப்பு வேகம், உச்சரிப்பு, சொல்வளம் எல்லாம் இதில் வளர்கின்றன. ஆனால் அதற்காக இதைச் செய்யவில்லை. தன் வாசிப்பு இன்னொருவருக்குத் தேவைப்படுகிறது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிவது பெரிய விஷயம்.

கோவில்பட்டியில் இருப்பதால் இன்னொரு கொடுப்பினையும் உண்டு. எழுத்தாளர் என்றால் புத்தக அட்டையில் இருக்கும் படம் மட்டுமல்ல என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். ‘ஆதனின் பொம்மை’க்காக 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற உதயசங்கர் இந்த ஊர்க்காரர், ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ‘சூல்’ எழுதிய சோ. தர்மன் பக்கத்து உருளைக்குடிக்காரர். கண்மாயைப் பற்றிய நாவல் கண்மாய்க்கரைக்காரர் எழுதியது. இந்தப் பக்கம் சிவகாசியில் 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் இருக்கிறது. படக்கதையைத் தள்ளிவைக்கிற வீடுகள் உண்டு. என் வீட்டில் அதற்கும் அலமாரியில் கம்பனுக்குப் பக்கத்திலேயே இடம்.

வீட்டுக்கல்வியில் பிள்ளை தனித்துப் போகும் என்ற பயம் நியாயமானது. வாசிப்பு அந்தத் தனிமையைக் கூட்டவும் செய்யும், கரைக்கவும் செய்யும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை எங்கள் திண்ணையில் பள்ளிக்கூடம் போகிற தெருப் பிள்ளைகளும் வந்து உட்காருகிறார்கள். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். கேள்வி கிடையாது, பரிசு கிடையாது. கிழிந்து திரும்பினால் எல்லோருமாக உட்கார்ந்து ஒட்டுவோம்.

இது மானாவாரி பூமி. ஐப்பசி, கார்த்திகையில் களையெடுப்பு, தையிலும் மாசியிலும் அறுப்பு என்று வீடே காட்டில் கிடக்கும். அப்போது வாசிப்பு மெலியும், அதை நான் இழுத்துப் பிடிப்பதில்லை. சித்திரையில் காடு சும்மா கிடக்கும். இந்தச் சித்திரைக்குக் கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ என்று மகள் முடிவு செய்திருக்கிறாள். ஆச்சி ஒப்புக்கொண்டுவிட்டார்கள், ஒரே ஒரு நிபந்தனையோடு. தான் வந்து உட்காருவதற்கு முன்னால் ஒரு வரிகூட வாசிக்கக் கூடாதாம்.