வாடைக்கு முன்னால்

பிப்ரவரி 3, செவ்வாய். வேதாரண்யம்

நாகப்பட்டினத்தில் ரயிலிலிருந்து இறக்கும்போதே பின் மட்கார்டு வளைந்திருந்தது. காலால் மிதித்து நிமிர்த்தினேன். சாமான் மொத்தம் 14 கிலோ. அதில் கூடாரம் மட்டும் 2 கிலோ.

வேளாங்கண்ணி வரை பஸ் ஹாரன்தான் துணை. அதற்கப்புறம் சாலை எனக்கும் ஆடுகளுக்கும். மிதிக்கிறேனா, தள்ளப்படுகிறேனா என்று தெரியாத அளவுக்கு முதுகில் காற்று. தை, மாசியில் தெற்கே போகிற சைக்கிள்காரனுக்கு வாடை ஒரு மோட்டார்.

அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவிடம். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜியோடு நடந்து புறப்பட்டவர்கள், 30ஆம் தேதி இங்கே உப்பு அள்ளினார்கள். அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை வழியோர மரக்கிளைகளில் கட்டிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். மரம் சோறு போட்டால் மரத்தையா பிடிக்க முடியும்?

சாயங்காலம் ஓர் உப்பளத்தின் ஓரத்தில் கூடாரம் போடலாமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "இந்த மண்ணுல ஆணி நிக்காது தம்பி. பூச்சி பொட்டு வேற கெடக்கும்" என்று சொல்லி, சாக்குக் கொட்டகையைத் திறந்துவிட்டார். நல்ல தூக்கம். காலையில் உதட்டை நக்கினால் உப்பு.

பிப்ரவரி 4, புதன். கோடியக்கரை

சரணாலய வாசலில் சீட்டு வாங்கி உள்ளே போனேன். புல்வெளியில் வெளிமான்கள். முதுகு கறுத்து, வயிறு வெளுத்து, முறுக்கிப் பிழிந்த துணிபோலக் கொம்போடு ஓர் ஆண் மான் என்னைவிட என் சைக்கிளைத்தான் அதிக நேரம் பார்த்தது. செயின் சத்தம் நின்றதும் குனிந்து மேய ஆரம்பித்துவிட்டது. தூரத்து நீரில் பூநாரைகள், இளஞ்சிவப்புக் கோடு போட்டதுபோல.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், காற்று இப்படியே அடிக்குமா என்று கேட்டேன். "வாடைல வந்திருக்கே, பொழச்சே. சித்திரை கழிச்சு வந்திருந்தா சோழகம் நெஞ்சுல அடிச்சுத் திருப்பி அனுப்பியிருக்கும்." கொண்டல், கச்சான் என்று மீதி இரண்டுக்கும் பெயர் சொன்னார். என் போனில் காற்றுக்கு வேகமும் அம்புக்குறியும் உண்டு, பெயர் கிடையாது.

இரவு அவர் வீட்டுத் திண்ணை. கூடாரம் பையிலேயே இருந்தது.

பிப்ரவரி 5, வியாழன். முத்துப்பேட்டை

இன்று மேற்கே. வழியெல்லாம் தென்னந்தோப்பு, ஆனால் பல இடங்களில் மரங்கள் இளசு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா இந்தப் பக்கம்தான் கரையேறியது. தோப்பின் வயதைப் பார்த்தே புயலின் வயதைச் சொல்லிவிடலாம்.

அலையாத்திக் காட்டுக்குள் படகில் போக ஆசை இருந்தது. தனி ஆளுக்குக் கட்டுப்படி ஆகவில்லை. கரையில் நின்று, சேற்றிலிருந்து விரல்விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களைப் பார்த்ததோடு சரி.

பிப்ரவரி 6, வெள்ளி. மனோரா

அதிராம்பட்டினத்தில் டீக்கடைக் காக்கா காசு வாங்க மறுத்துவிட்டார். மல்லிப்பட்டினம் தாண்டி மனோரா. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டடுக்குக் கோபுரம். எங்கோ ஐரோப்பாவில் நடந்த சண்டைக்கு இந்த அமைதியான கடலோரத்தில் ஒரு கோபுரம்! ஆங்கிலேயரைக் குளிர்விக்க மன்னர் போட்ட ஐஸ் இன்னும் கரையாமல் நிற்கிறது.

கொஞ்சம் தள்ளி, சவுக்குத் தோப்போரம், ஒருவழியாகக் கூடாரம் போட்டேன். மணலில் ஆணி நிற்காததால் நான்கு பாலித்தீன் பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டிப் புதைத்தேன். ஸ்டவ்வில் கஞ்சி, தொட்டுக்கொள்ள வழியில் வாங்கிய பனங்கிழங்கு. இங்கே அலைச் சத்தம் கிடையாது. குளம் மூச்சு விடுவதுபோலத்தான் கடல். கடலடியில் புல் மேயும் ஆவுளியாவுக்காக 2022இல் இந்தக் கடலைத்தான் காப்பகம் ஆக்கினார்கள். இருட்டில் ஒன்று தலைதூக்காதா என்று அசட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு டார்ச் வெளிச்சம். இரண்டு பேர், பின்னால் ஓர் அக்கா. இலங்கைக்கு எதிர்க்கரை இது; கடல்வழி வந்த ஆளோ என்று சந்தேகம். ஆதார் அட்டையைக் காட்டினேன். சந்தேகம் தீர்ந்தது, அடுத்தது ஆரம்பித்தது. "ஏன்யா, வீடு வாசல் இல்லாதவன் மாதிரி இங்க வந்து படுத்திருக்கே? எந்திரி." அக்கா வீட்டு வராந்தாவில் பாய் விரித்துவிட்டார்கள். பாதி ராத்திரியோடு முடிந்தது என் முகாம் வாழ்க்கை.

பிப்ரவரி 7, சனி. தொண்டி

கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல். தென்மேற்கே நேராக முதுகுக் காற்று. எழுத ஒன்றுமில்லை, அவ்வளவு சுகம்.

பிப்ரவரி 8, ஞாயிறு. மண்டபம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் எனக்கு எதிரி வெயில் இல்லை, சீமைக் கருவேலம். ஒண்ணுக்குப் போக ஓரம் ஒதுங்கினேன். சைக்கிளையும் கூட்டிப்போனதுதான் தப்பு. முன்சக்கரத்தில் இரண்டு, பின்சக்கரத்தில் ஒன்று. மாற்று டியூப் இரண்டையும் போட்டேன். தேவிபட்டினம் வந்ததும் பின்சக்கரம் மறுபடி இறங்கியது.

பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வந்த இடத்தில் தீக்குச்சியைச் செருகினார். உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டு. நான் டயரை மாட்டப் போனேன். கையைத் தட்டிவிட்டார். டயரின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, குறட்டால் இழுத்தார். அரை அங்குலக் கருவேல முள். "இதை உள்ள வச்சுக்கிட்டு ஆயிரம் டியூப் மாத்துங்க சார்." பத்து வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 9, திங்கள். ராமேஸ்வரம்

இத்தனை நாள் முதுகைத் தட்டிக்கொடுத்த வாடை, பாம்பன் பாலத்தில் இடது தோளைப் பிடித்துத் தள்ளியது. கிழக்கே திரும்பினால் அப்படித்தான். லாரி ஒன்று கடந்தபோது ஹேண்டில்பார் கையை விட்டுப் போகப் பார்த்தது. இறங்கித் தள்ளிக்கொண்டே நடந்தேன். கீழே 1914இல் திறந்த பழைய ரயில் பாலமும், பக்கத்தில் 2025இல் திறந்த புதியதும்.

பிற்பகல் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவரைத் தாண்டி அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. வடக்கே இருப்பது பெண்கடல், தெற்கே இருப்பது ஆண்கடல் என்பார்கள். முன்னது சாது, பின்னது முரடு. இன்று வாடையில் பெண்கடல்தான் சீறிக்கொண்டிருந்தது. ஆண்கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய். சங்கு விற்ற ஆத்தாவிடம் சொன்னேன். "சோழகம் வரட்டும், அது அடிக்கும், இது படுத்துக்கும். முறை வச்சுத்தான்" என்றார்.

இருட்டும்வரை அங்கே இருக்க விடுவதில்லை. திரும்பி வந்து லாட்ஜ் மொட்டைமாடியில் கூடாரத்தை உதறிக் காயப்போட்டேன். மனோரா மணல் ஒரு கைப்பிடி விழுந்தது. அக்கா வீட்டுக் கோழி இறகு ஒன்றும்.