அம்மாவின் போன்

கும்பகோணத்தில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்குப் போன வருஷம் ஒரு மதியம் வாட்ஸப்பில் வீடியோ கால் வந்தது. காக்கிச் சட்டையில் ஒருவன். "உங்க ஆதாரை வெச்சு குற்றம் நடந்திருக்கு. உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம். யார்கிட்டயும் பேசக் கூடாது" என்றான். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. அம்மாவுக்கு அது தெரியாது. கதவைத் தாழிட்டு, மூன்று மணி நேரம் போன் முன்னால் உட்கார்ந்து, அவன் கேட்கக் கேட்க ஓடிபியைச் சொன்னார். குடும்பப் பென்ஷனில் சேர்த்த 40,000 ரூபாய் போயிற்று.

நான்கு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். உடனே 1930க்குக் கூப்பிட்டிருந்தால் கொஞ்சமாவது முடக்கியிருக்கலாம். "ஏம்மா எங்கிட்ட சொல்லலை?" என்று கத்தினேன்.

"நீ திட்டுவியேன்னுதான்."

உண்மைதான். ஒன்றையே இரண்டாம் முறை கேட்டால் எனக்குக் கோபம் வரும். "உனக்குப் புரியாது, குடு இங்க" என்று போனைப் பிடுங்கி நானே அழுத்திவிடுவேன். அப்பாவும் இதையேதான் சொல்வார். நாற்பது வருஷம் கேட்டுக் கேட்டு அம்மாவே அதை நம்பிவிட்டார். மிரட்டியவனுக்கு வேலை சுலபமாக இருந்தது.

அண்ணனும் நானும் அந்த போனை வாங்கி வைத்துக்கொண்டு பட்டன் போன் கொடுத்தோம். அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தோம்.

அந்த போனுக்குள்தான் அம்மாவின் பள்ளித் தோழிகள் ஐந்து பேர் இருந்தார்கள். கல்யாணமாகி ஆளுக்கொரு ஊராகப் பிரிந்து, 2020 ஊரடங்கில் ஒருவரையொருவர் கண்டுபிடித்தவர்கள். தினம் காலையில் கோலத்தைப் படமெடுத்து அனுப்பிக்கொள்வார்கள். போன் போனதும் அம்மாவின் கோலம் நாலு புள்ளியாகச் சுருங்கியது. ராத்திரி ஏழு மணிக்கே விளக்கை அணைத்துப் படுத்தார். சாப்பாடும் குறைந்தது. "வயசாயிடுச்சு" என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

1990களில் தமிழ்நாடு முழுக்க ஃபைனான்ஸ் கம்பெனிகள் மூழ்கின. முதலீட்டாளர்களைக் காக்க 1997இல் தனிச் சட்டமே வந்தது. அப்போது அம்மாவின் வளையலை விற்றுப் போட்ட பணத்தை அப்பா இழந்தார். அவருடைய பர்ஸை யாரும் பிடுங்கவில்லை. அவர் மனசு உடையக் கூடாது என்று வீடே குரலைத் தாழ்த்திக்கொண்டது.

அது நினைவுக்கு வந்த வாரம் போனைத் திருப்பிக் கொடுத்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா ஒற்றை விரலால் தடவித் தடவித் தோழிகளின் குழுவைத் திறந்தார்.

"போலீஸ்னு யாராவது கூப்பிட்டா என்னம்மா பண்ணுவ?"

"கட் பண்ணிட்டு உன்னைக் கூப்பிடுவேன். நீ திட்டாம எடுக்கணும்."

சரி என்றேன். இதுவரை இரண்டு முறை அந்த வாக்கை மீறியிருக்கிறேன். அம்மா கணக்கு வைத்திருக்கிறார்.