குந்துகாலும் கமுதியும்

பாம்பன் போகிறவர்கள் பாலத்தைப் பார்த்துவிட்டு ராமேஸ்வரத்துக்கு வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். குந்துகால் பக்கம் போகிறவர்கள் குறைவு. அங்கே விவேகானந்தருக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. மீன்பிடிப் படகுகள்தான் அதற்கு அக்கம்பக்கம். சிகாகோவில் பேசிப் புகழ்பெற்றவர், இலங்கை வழியாகத் திரும்பி 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் கரையேறினார். வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்கள் இழுத்தார்கள். கூடவே இழுத்தவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி.

மறுநாள் ராமேஸ்வரம் கோயிலில் பேச்சு. ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதே பூசை, சிலையில் மட்டும் காண்பது ஆரம்பப் பாடம் என்றார். லிங்கத்தைத் தரிசிக்க வந்த கூட்டத்திடம், கோயிலிலேயே நின்று இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். வேதாந்தம் மடத்தை விட்டு வெளியே வந்த நாள் அது. அடுத்த நாளே மன்னர் ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்தார்.

அதே ஆண்டு மே 14. கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள், அப்போது அனுமதி மறுக்கப்பட்டிருந்த நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். அந்தக் கோயிலின் பரம்பரை அறங்காவலர் யார்? அதே பாஸ்கர சேதுபதிதான். நுழைந்தவர்கள் மீது அவர் பெயரிலேயே வழக்குப் பதிவானது. தீட்டுக் கழிக்கும் செலவும் கேட்கப்பட்டது.

இரட்டை வேடம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்னதானத்தில் கொடுப்பவர் கை மேலேதான் இருக்கும். சன்னிதியில் பக்கத்தில் நிற்க விடுவது அப்படியல்ல. அதற்கு அர்ச்சகரையும் ஊர்ப் பெரியவர்களையும் பகைத்துக்கொள்ள வேண்டும், தன் அந்தஸ்தையும் கொஞ்சம் கழற்றி வைக்க வேண்டும். கேட்ட தத்துவம் அவரை அன்னதானம் வரை கொண்டுபோனது, வாசல் வரை கொண்டுபோகவில்லை. எதிர்த்தரப்பும் எல்லோரும் சமம் என்று வாதாடவில்லை; தாங்கள் க்ஷத்திரியர், ஆகவே உரிமை உண்டு என்றுதான் சொன்னார்கள். ராமேஸ்வரத்தில் பேசப்பட்டதை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்ல எந்தப் பக்கமும் ஆள் இல்லை.

1899-இல் கீழ்க்கோர்ட்டில் நாடார்கள் தோற்றார்கள். மன்னர் 1903-இல் காலமானார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908-இல் அங்கும் அதே தீர்ப்பு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்டோரையும் நாடார் ஒருவரையும் அழைத்துப்போனது 1939 ஜூலை 8 அன்று. ராமேஸ்வரப் பேச்சுக்கு அப்போது 42 வயது.