மதராசி கேம்ப் மாமா எழுதுவது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே உன் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். அவள் காதில் விழாமல் உன்னிடம் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. உன் அப்பா, அம்மா இருவரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லை, இருவரும் சுகம். இந்த நரேலா வீட்டின் மாடிப்படிதான் அப்பாவுக்குச் சிரமம். டெல்லி ஜங்புராவின் மதராசி கேம்ப்பில் இருந்தவரை விடியற்காலையில் நிஜாமுதீன் ஸ்டேஷன் வரை நடப்பார், போகல் பக்கம் டீ குடிப்பார், வழியில் பத்துப் பேரோடு தமிழ் பேசிவிட்டு வருவார். இங்கேயும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் எல்லாருக்கும் வேலை பழைய ஜங்புராப் பக்கத்திலேயே. இருட்டோடு போய் இருட்டோடு திரும்புகிறார்கள். பகல் முழுக்க அவர் ஜன்னலோரம்தான்.

2025 ஜூன் 1 அன்று கேம்ப்பை இடித்ததை நீ வீடியோவில் பார்த்தாய். நீ பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். புல்டோசர் எங்கள் சந்துக்குள் நுழைந்தபோது அப்பா பாராபுல்லா சாக்கடைக் கால்வாய் ஓரம் நின்றிருந்தார். பாத்திரம், கட்டில், மிக்சி எதையும் அவர் தொடவில்லை. பாஸ்போர்ட்டும் பேங்க் புத்தகமும் போட்ட பிளாஸ்டிக் பையைச் சட்டைக்குள் வைத்து, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். "மொரேயில எரிஞ்சப்பவும் இதே சட்டைதான்டா போட்டிருந்தேன்" என்றார். மணிப்பூர் மொரே வீடு எரிந்த அன்று போட்டிருந்த அந்தக் கட்டம் போட்ட நீலச் சட்டை. அம்மா அன்றைக்கே அதை எடுத்து எங்கேயோ ஒளித்துவிட்டாள்.

கேம்ப்பில் 370 வீடு. மாற்று வீட்டுக்கான நரேலா பட்டியலில் வந்தது 215. 2015 ஜனவரி 1-க்கு முன்பே அங்கே இருந்ததற்குத் தாள் காட்ட வேண்டும் என்பது விதி. என் எதிர்வீட்டு அம்மா முப்பது வருஷம் அங்கே இருந்து, ஜங்புரா பங்களாக்களில் பாத்திரம் தேய்த்தவள். வாக்காளர் அட்டையில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் வேறு பெயர். பட்டியலில் அவள் இல்லை. இதை ஏன் இழுக்கிறேன் என்றால், உன் பெற்றோர் விஷயமும் கடைசியில் தாளில் உள்ள பெயரில்தான் வந்து நிற்கும்.

அவர்களைக் கனடாவுக்கு உன்னிடம் அழைத்துக்கொள்வது பற்றி நீ போன வாரம் கேட்டாய்: "மாமா, அகதின்னு விண்ணப்பிக்க முடியாதா?" வக்கீல் ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் ஃபைல் தூக்கியவன் என்ற முறையில் நேராகச் சொல்கிறேன், முடியாது. தன் நாட்டை விட்டு வெளியே வந்தவரைத்தான் 1951-ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தம் அகதி என்கிறது. 2023 மே 3-இல் மணிப்பூரில் கலவரம் மூண்டு, குக்கிக்கும் மெய்தெய்க்கும் நடுவே மாட்டிக்கொண்ட மொரே வீடு எரிந்து, உன் பெற்றோர் கௌஹாத்தி வந்து ரயிலேறி டெல்லியில் இறங்கினார்கள். எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடி வந்தாலும் இந்தியாவுக்குள்ளேதான் ஓடியிருக்கிறார்கள். பர்மா எல்லைக்கு அந்தப் பக்கம், தமூவிலிருந்து வந்து டெல்லி விகாஸ்புரியில் குடியிருக்கிற சின் குடும்பத்துக்கு ஐ.நா. அகதி அட்டை கிடைக்கலாம், மூன்றாவது நாட்டுக்குப் போகும் வழியும் திறக்கலாம். நமக்கு அந்த வழி கிடையாது.

ஸ்கார்பரோ நண்பர்கள் உனக்குச் சொல்வது அவர்கள் பட்ட அனுபவம். 1983 கலவரத்துக்குப் பிறகு, கனடாவில் உறவுக்காரர் இருந்த இலங்கைத் தமிழருக்கு அந்த அரசு விதிகளைத் தளர்த்தியது. 2024-இல் சூடானுக்கும் காசாவுக்கும் உறவினர் வழி ஒன்றைத் திறந்தது. மணிப்பூருக்கு அப்படி எதுவும் இல்லை.

பெற்றோரை நிரந்தரமாக ஸ்பான்சர் செய்வதும் இப்போதைக்கு நடக்காது. 2020-இல் விருப்பப் படிவம் போட்டவர்களிலிருந்துதான் 2025 வரைக்கும் அழைத்தார்கள். நீ போனதே 2021-இல். அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு காத்திருக்காதே. அப்பாவுக்கு எழுபது ஆகிவிட்டது.

ஆக மிச்சம், பெற்றோர் போய்த் தங்குவதற்கான சூப்பர் விசா. நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) இருப்பதால் நீயே அழைக்கலாம். பத்து வருஷம் வரை பல தடவை போய்வரும் விசா அது. 2022 ஜூலையிலிருந்து ஒரு தடவை போனால் ஐந்து வருஷம் வரை தங்கலாம். நீ, உன் மனைவி, குழந்தை, இவர்கள் இருவர் என ஐந்து பேருக்கு அங்கே வைத்திருக்கிற குறைந்தபட்ச வருமானத்தைக் காட்ட வேண்டும். தலைக்கு ஒரு லட்சம் கனடா டாலருக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ், ஒரு வருஷத்துக்கு. மெடிக்கல் பரிசோதனையை இங்கேயே முடித்துவிடலாம்.

இதில்தான் முடிச்சு. சூப்பர் விசா தற்காலிக விசா. கெடு முடிந்தால் திரும்பி வருவார்கள் என்று அதிகாரி நம்ப வேண்டும். வீடு எரிந்து வந்தவர்கள் எதை நம்பித் திரும்புவார்கள் என்றுதான் அவர் கேட்பார். எந்தக் காரணத்துக்காக நீ அவர்களை அழைக்கத் துடிக்கிறாயோ, அதே காரணம் விண்ணப்பத்துக்கு எதிராக நிற்கும். இதை நினைத்து இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

ஒரு ஏஜென்டைப் பார்த்தேன். எட்டு லட்சம் கேட்டான். மொரே விஷயத்தையே எழுதாதீர்கள் என்றான். அம்மாவை மட்டும் அனுப்புங்கள், அப்பா இங்கே இருந்தால் அதுவே பிணை என்றான். எழுந்து வந்துவிட்டேன். மறைத்தது தெரிந்தால் ஐந்து வருஷத்துக்கு உள்ளேயே விடமாட்டார்கள். அதைவிட, இரண்டு வீடு போனதை ஒன்றாக நின்று பார்த்தவர்களை இந்த வயதில் பிரித்து வைக்க என் மனசு இடம் கொடுக்கவில்லை.

நடந்ததை அப்படியே எழுது. மொரேயில் வீடு போனது, சீரோ எஃப்.ஐ.ஆர். போட்டது, அதன் பிறகு என்னோடு இருப்பது, எல்லாம். கூடவே அவர்கள் திரும்பி வந்து இருக்கப்போகிற இடத்தையும் எழுது. விழுப்புரத்தில் உன் தங்கை வீடு இருக்கிறது, இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பா பங்குக்கு அறுபது சென்ட் நிலம் இருக்கிறது, பட்டா நகலை வாங்கச் சொல்லிவிட்டேன். இது ஜோடித்த கதை இல்லை. அம்மாவே, "கொஞ்ச நாள் பேத்தியோட இருந்துட்டு, சாவுறதுக்கு ஊருக்கு வந்துடணும்" என்றுதான் சொல்கிறாள்.

அப்பா நினைப்பு வேறு, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவர் ரங்கூனில் பிறந்தவர். பர்மாவில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது ஒன்பது வயதில் மதராஸுக்குக் கப்பலில் வந்தார். உன் தாத்தா திரும்பவும் பர்மாவுக்கே போய்விடலாம் என்று தரைவழியாகக் கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு, மொரேயிலேயே தங்கிவிட்டார். இதோடு நாலாவது தடவை கிளம்பப்போகிறார். உன்னிடம் "சரிப்பா, சரிப்பா" என்கிறாரே, அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. ஒருநாள் அவரோடு தனியாகப் பேசு. நிரந்தரமாக அங்கேயே வைத்துக்கொள்வேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதே. அது உன் கையில் இல்லை.

இனி பெயர் விஷயம். உன் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயருக்கு முன்னால் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலே இல்லை. அவர் பாஸ்போர்ட்டிலோ தாத்தா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கிறது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிவிட்டேன். அம்மாவின் பழைய பாஸ்போர்ட் ஓரம் கருகிப்போனதால் புதிதாக வாங்கியிருக்கிறோம், நம்பர் மாறிவிட்டது. பழைய நம்பரை எங்கேயும் போட்டுவிடாதே.

அழைப்புக் கடிதம், வருமான வரித் தாள், பி.ஆர். அட்டை நகல் மூன்றும் இந்த மாதத்துக்குள் எனக்கு வேண்டும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது இருவர் பெயரையும் பாஸ்போர்ட் முதல் பக்கத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அடி. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறேன். அவசரத்தில் கைக்கு வந்தபடி அடித்துவிடாதே. முடித்ததும் எனக்கு அனுப்பு, நானும் ஒரு தடவை சரிபார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொல்.

உன் மாமா