ஒஸ்லோ வீதிகளில் ஓசையில்லாக் கார்கள்

நோர்வே என்ற பெயரைக் கேட்டதும் எமது நாட்டு வாசகர்களுக்கு 2002ஆம் ஆண்டின் யுத்தநிறுத்த உடன்படிக்கைதான் முதலில் நினைவுக்கு வரும். வாசக நேயர்களே! இம்முறை வேறொரு காரணத்துக்காக உங்களை அந்நாட்டின் தலைநகராகிய ஒஸ்லோவுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். பெற்றோல் காரை விட்டு மின்சாரக் காருக்கு மாற வாகனச் சாரதிகள் தயாராக இருக்கிறார்களா என்ற கேள்வி இன்று பல நாடுகளிலும் எழுந்துள்ளது. அதற்கு வாயால் அன்றிச் செயலால் விடை கூறிய நாடு நோர்வே.

ஒஸ்லோ, கடல் நீண்டு உள்நுழைந்த ஒரு கழியின் கரையில், காடடர்ந்த குன்றுகள் சூழ அமைந்த நகரம். துறைமுகத்தின் ஓரத்தில் ஏறத்தாழ 700 ஆண்டுகள் பழைமை வாய்ந்த அக்கர்ஷூஸ் கோட்டை நிற்கின்றது. அதன் கீழுள்ள பாறைக் குகையினுள்ளே மின்சாரக் கார்களுக்கென ஒரு தரிப்பிடம் அமைத்திருக்கிறார்கள். மேலே பழைய கோட்டை மதில். கீழே வரிசையாக நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் கார்கள். நகரத்துச் சந்தியொன்றில் நின்று பார்த்தால் ட்ராம் வண்டியின் மணியோசையும், ஈர வீதியில் டயர்கள் உருளும் ஓசையும் கேட்கும். எஞ்சினின் இரைச்சலும் டீசல் புகையும் வெகுவாகக் குறைந்துவிட்டன.

2012இல் அந்நாட்டில் விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்கு 3 அளவே மின்சாரக் கார்கள். 2024இல் அது நூற்றுக்கு 89 ஆகவும், 2025இல் ஏறத்தாழ 96 ஆகவும் உயர்ந்தது. 2024 செப்டெம்பரில் வீதியிலுள்ள மின்சாரக் கார்களின் தொகை பெற்றோல் கார்களின் தொகையைத் தாண்டியது. டீசல் கார்கள் மட்டுமே அப்போது அவற்றை விஞ்சி நின்றன.

எப்படி நடந்தது?

நோர்வே மக்கள் அனைவரும் சூழல் மீது கொண்ட அன்பினால் ஒரே நாளில் மனம் மாறிவிட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கதை 1989இல் தொடங்குகின்றது. ‘ஆ-ஹா’ என்னும் இசைக்குழுவின் பாடகர் மோர்டன் ஹார்கெட்டும், ‘பெலோனா’ என்ற சூழல் அமைப்பின் பிரெடரிக் ஹேகும் மின்சாரத்தில் ஓடும்படி மாற்றப்பட்ட சிறிய ஃபியட் பண்டா கார் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். வீதிக் கட்டணம் செலுத்த மறுத்து அதனை ஓட்டித் திரிந்தார்கள். தண்டப்பணம் குவிந்தது, அதிகாரிகள் காரைப் பறித்து ஏலத்தில் விட்டார்கள். அவர்களோ அதே காரை ஏலத்தில் எடுத்து மீண்டும் ஓட்டினார்கள்!

இதன் பின்னர் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1990இல் மின்சாரக் காருக்கான இறக்குமதி வரி நீக்கப்பட்டது. 1997இல் வீதிக் கட்டணத்திலிருந்தும், 2001இல் பெறுமதி சேர் வரியிலிருந்தும் விலக்களிக்கப்பட்டது. பின்னர் பஸ்களுக்குரிய ஒழுங்கையில் செல்லவும் இடம் கிடைத்தது. மறுபுறம் பெற்றோல், டீசல் கார்களுக்கு வரி கடுமையாகவே இருந்தது. ஆகவே கடையில் இரண்டு கார்களையும் ஒப்பிட்டுப் பார்த்த குடும்பத் தலைவனுக்கு மின்சாரக் காரே இலாபமாகத் தெரிந்தது.

விலை மாத்திரம் போதுமா? வழியில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது என்ற அச்சம் அங்கும் இருந்தது. அதனால் பிரதான வீதிகளில் ஏறக்குறைய 50 கிலோமீற்றருக்கு ஒன்றாக விரைவு மின்னேற்று நிலையங்கள் அமைய அரசாங்கம் பணவுதவி செய்தது. தொடர்மாடி வீட்டில் வசிப்பவர் தமது தரிப்பிடத்தில் சார்ஜ் வசதி கேட்டால், தக்க காரணமின்றி நிர்வாகம் அதனை மறுக்க முடியாது.

குளிர் இன்னொரு சோதனை. கடும் குளிரில் பற்றரியின் உள்ளே நிகழும் இரசாயன மாற்றம் மந்தமாகின்றது. காரின் உட்புறத்தைச் சூடாக்கவும் அதே பற்றரியே வேலை செய்கின்றது. இதனால் ஓடும் தூரம் ஐந்தில் ஒரு பங்கோ, அதனிலும் அதிகமாகவோ குறையலாம். புறப்படுமுன் மின்னிணைப்பில் இருக்கும்போதே காரைச் சூடாக்கிக்கொள்ள மக்கள் பழகிவிட்டார்கள்.

டாக்சிக்காரரின் நிலை

ஒஸ்லோவின் கிரோன்லாண்ட் பகுதிக்குச் சென்றால் பள்ளிவாசல்களையும், பாகிஸ்தானியரின் மரக்கறிக் கடைகளையும் காணலாம். 1970களில் தொழில் தேடி வந்த பாகிஸ்தானியரின் பிள்ளைகள் பலர் டாக்சி ஓட்டிப் பிழைக்கின்றனர். 2024 நவம்பர் 1ஆந் திகதி முதல் ஒஸ்லோவின் டாக்சிகள் யாவும் புகை வெளியிடாதவையாக இருக்க வேண்டுமென்பது சட்டம். சொந்தக் காருக்கு மாறுவது விருப்பம். இவர்களுக்கோ அது கட்டாயம். சார்ஜ் ஏற நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்கு உழைப்பில் நட்டம். நல்ல சட்டமாயினும் அதன் பாரம் எல்லோர் தோளிலும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இன்னொரு விடயமும் உண்டு. வடகடலில் எடுக்கும் எண்ணெயையும் எரிவாயுவையும் பிற நாடுகளுக்கு விற்றுச் செல்வம் சேர்த்த நாடு இது. வீட்டில் புகையை ஒழித்துவிட்டு வெளியே விற்கிறார்கள் என்று குறை கூறுவோரும் உளர். அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் அந்நாட்டு மின்சாரத்தில் நூற்றுக்கு 90 அளவு நீர்வீழ்ச்சிகளிலிருந்தும் அணைகளிலிருந்தும் பெறப்படுவதால், அங்கு ஓடும் கார் உண்மையிலேயே தூய்மையான கார்தான்.

எமக்கு என்ன?

2022இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாகக் காத்துக் கிடந்ததை நம்மில் யார் மறந்தோம்? அந்த நாட்களில் மின்சாரக் கார் வைத்திருந்தவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் பலர். ஆனால் நோர்வேயின் வழியை அப்படியே பிரதி பண்ண நம்மால் இயலாது. நமது மின்சாரத்தில் மேல் கொத்மலை நீரும் இருக்கின்றது, நுரைச்சோலை நிலக்கரியும் இருக்கின்றது. அங்கு குளிர் பற்றரியின் பலத்தைத் தற்காலிகமாகவே குறைக்கின்றது. இங்குள்ள வெப்பமோ பற்றரியின் ஆயுளையே குறைக்கக்கூடியது. முன்னர் இங்கு அதிகமாக வந்த நிசான் லீஃப் காரின் பற்றரிக்குத் திரவத்தால் குளிரூட்டும் ஏற்பாடு கிடையாது.

ஆகவே பழைய மின்சாரக் கார் வாங்க எண்ணும் வாசகர், நிறத்தையும் ஆண்டையும் பார்க்குமுன் பற்றரியில் எவ்வளவு பலம் மிஞ்சியிருக்கின்றது என்பதை அளந்து பார்ப்பித்துக் கொள்ளட்டும். தினமும் எத்தனை கிலோமீற்றர் ஓடுவோம், இரவில் எங்கே சார்ஜ் ஏற்றுவோம், வீட்டு மின்கம்பி அந்தப் பாரத்தைத் தாங்குமா என்பவற்றையும் கணக்கிட வேண்டும்.

ஆட்சியாளருக்கும் ஒஸ்லோவில் ஒரு பாடம் உண்டு. அங்கு அரசாங்கங்கள் மாறியபோதும் சலுகைகள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தன. மின்சாரக் கார்கள் பெருகிய பின்னரே அவற்றைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருகிறார்கள். இங்கோ வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றது. தனியார் கார்களுக்கு 2025இல்தான் கதவு திறந்தது. நாளைய தீர்வை என்னவென்று தெரியாத சாரதியைப் பார்த்து, மாறுவதற்கு நீ தயாரா என்று கேட்பதில் என்ன நியாயம்?