விளங்கிக் கற்றல்

கணனிக்குச் செய்நிரல் எழுதுவது என் தொழில். கொழும்பிலே ஒரு காரியாலயத்தில் பல ஆண்டுகளாக இதனையே செய்து வருகிறேன். இத்துறையில் முன்னேற வழி யாதென என்னிடம் வினவும் மாணவர் பலர். அவர்களுட் பெரும்பாலோர், எத்தனை கணனி மொழிகள் தெரியும் என்பதையே தேர்ச்சியின் அளவுகோலாகக் கொண்டிருக்கின்றனர். என் கருத்து வேறு. தன் வேலையிலுள்ள பிழையைத் தானே கண்டு திருத்தும் ஆற்றல் ஆண்டுதோறும் வளர்கிறதா என்பதே உண்மையான அளவுகோல்.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் நூத், செய்நிரலாக்கக் கலை பற்றிய தமது பெருநூலின் முதற் பாகத்தை 1968ஆம் ஆண்டில் வெளியிட்டார். தம் நூல்களிற் பிழை கண்டு அறிவிப்போருக்கு, பிழையொன்றுக்கு 2 டொலர் 56 சதம் பரிசளிப்பதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். குறை கூறுவோரைப் பகைவராகக் கருதாது, வெகுமதி கொடுத்து வரவேற்கும் இப்பண்பன்றோ கற்றோர்க்கு அழகு! நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா, டியூரிங் விருது பெற்று 1972இல் நிகழ்த்திய பேருரைக்குப் ‘பணிவுள்ள செய்நிரலாளன்’ என்றே தலைப்பிட்டார். தன் மூளையின் ஆற்றல் எல்லைக்குட்பட்டதென உணர்ந்தவனே இத்தொழிலைச் செவ்வனே செய்வான் என்பது அவர் துணிபு.

இப்பொழுது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்டமாத்திரத்தே செய்நிரல் எழுதித் தருகின்றன. “அப்பா, இயந்திரமே எழுதுமாயின் நான் ஏன் கற்க வேண்டும்?” என்று என் மகள் ஒரு நாள் கேட்டாள். அவளுக்கு ஓர் உதாரணம் காட்டினேன். 0.1 என்னும் எண்ணைத் துவித எண்முறையில் முடிவுள்ள இலக்கங்களால் எழுத இயலாது. ஆதலால், தசமங்களைக் கணனி வழக்கமாகக் கையாளும் முறையில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால், விடை 0.3இலிருந்து மிகச் சிறிதளவு விலகி நிற்கும். இதனாலேயே பணக்கணக்கில் ரூபாவைச் சதமாக்கி, முழு எண்ணாகக் கணிப்பது நல்வழக்கமாயிற்று. இதனை அறியாதவன், இயந்திரம் தந்ததை ஆராயாமல் வங்கிக் கணக்கிற் புகுத்தினால், பிறர் சேமிப்பிலே பிசகு நேரலாம். அதற்கு இயந்திரம் பொறுப்பேற்குமா? சரியென ஒப்புக்கொண்டவனே மறுமொழி கூறவேண்டும்.

மகள் சற்றே சிந்தித்துவிட்டு, “அப்படியென்றால் கணிதத்தைக் கைவிட முடியாது” என்றாள். அவள் முகத்திலே சிறிது ஏமாற்றமும் தெரிந்தது!

இவ்வாண்டு எனக்கென மூன்று விதிகளை வகுத்துள்ளேன். நாள்தோறும் அரைமணி நேரம் பிறர் எழுதிய செய்நிரலை வாசித்தல் ஒன்று. கருவியின் உதவியை நாடுமுன், என் வழியைத் தாளில் எழுதிப் பார்த்தல் மற்றொன்று. இரவு எட்டு மணிக்குப் பின் கணனியை மூடிவிட்டுக் குடும்பத்தாருடன் இருத்தல் மூன்றாவது. இவற்றுட் கடினமானது மூன்றாவதே. ஆயினும் களைத்த மூளை பிழையைக் காணாது. ஆகவே அதனையும் தொழிற்பயிற்சியாகவே கருதுகிறேன்.

மாணவ நண்பர்களே, இன்றே ஒரு தாளும் பென்சிலும் எடுத்து, 0.1ஐத் துவித எண்ணாக மாற்றிப் பாருங்கள். சில இலக்கங்களின் பின் அதே வரிசை மீண்டும் மீண்டும் வருவதைக் காண்பீர்கள். அது ஏனென்று உங்களுக்கே விளங்கும்போது, எந்த இயந்திரமும் தரமுடியாத ஒன்றை நீங்கள் பெற்றிருப்பீர்கள்.